கேரன் கார்பென்டர்: உலகமே கேட்ட குரல்... வீட்டுக்குள் யாருக்கும் புரியாத பட்டினி! 32 வயதில் என்ன ஆச்சு?

1983 பிப்ரவரி 8. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய டவுனி என்ற அமைதியான ஊர். அங்குள்ள மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு அன்று சுமார் ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்கேட்டிங் வீராங்கனை டோரதி ஹாமில், பாடகிகள் ஒலிவியா நியூட்டன் ஜான், டியோன் வார்விக், பெட்டுலா கிளார்க் என்று பிரபலங்கள் ஒரு பக்கம். வானொலியில் கேட்ட குரலுக்காகவே வந்த ரசிகர்கள் இன்னொரு பக்கம்.

சவப்பெட்டியில் இருந்தவர் கேரன் கார்பென்டர். வயது 32. இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, 33வது பிறந்தநாள் வந்திருக்கும்.

1970களில் இவர் குரல் ஒலிக்காத ஆங்கில வானொலி நிலையமே இல்லை எனலாம். பணம் இருந்தது, புகழ் இருந்தது, நாட்டின் பெரிய மருத்துவர்களைப் பார்க்கும் வசதி இருந்தது. ஆனாலும் அவர் உயிரைப் பறித்தது, வருடக்கணக்கில் நடந்த ஒரு பட்டினி. கையில் எல்லாமே இருந்த ஒரு பெண் எப்படி சாப்பிடாமல் செத்துப்போக முடியும்? அன்றைக்கு ரசிகர்கள் கேட்ட கேள்வி இதுதான். அதற்கான பதிலைத் தேடிப் போனபோதுதான், அதுவரை பெரும்பாலானோர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு நோயை உலகம் தெரிந்துகொண்டது.

யார் இந்த கேரன்?

1950 மார்ச் 2ஆம் தேதி, கனெக்டிகட் மாகாணத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர் கேரன் ஆன் கார்பென்டர். அப்பா ஹரோல்ட், அம்மா ஆக்னஸ். மூன்றரை வயது மூத்த அண்ணன் ரிச்சர்ட். நடுத்தரக் குடும்பம்தான். அப்பாவின் இசைத்தட்டு சேகரிப்பு மட்டும் பெரிசு.

அந்த வீட்டில் இசை மேதை என்று எல்லாரும் கருதியது அண்ணனைத்தான். சின்ன வயதிலேயே பியானோவில் பிரமாதமாக வாசிப்பார் ரிச்சர்ட். தங்கையோ தெருவில் பேஸ்பால் விளையாடிக்கொண்டிருந்த சுட்டிப் பெண். 1963ல் குடும்பமே கலிபோர்னியாவின் டவுனிக்குக் குடிபெயர்ந்தது. ரிச்சர்டின் இசை எதிர்காலத்துக்கு ஹாலிவுட் பக்கத்தில் இருப்பது நல்லது என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் கேரனின் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். அந்த வீட்டின் கனவு அண்ணனைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. தங்கையின் திறமை அதற்குள் தற்செயலாக வந்து சேர்ந்த ஒன்று.

டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெண்

டவுனி உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு வகுப்பு கேரனுக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து தப்பிக்க பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் சேர்ந்தார். முதலில் கொடுத்தது மணியோசை எழுப்பும் ஒரு வாத்தியம். அது சலித்துப்போச்சு. கண் டிரம்ஸ் பக்கம் போனது. அந்தக் காலத்தில் பெண்கள் டிரம்ஸ் வாசிப்பது அபூர்வம். ஆனால் கேரன் குச்சியைக் கையில் எடுத்த கொஞ்ச நாளிலேயே, அது அவருக்காகவே செய்த வாத்தியம் போல ஆகிவிட்டது. பெற்றோர் ஒரு டிரம் செட் வாங்கிக் கொடுத்தார்கள்.

1966ல் அண்ணன், தங்கை, டூபா வாசித்த ஒரு நண்பர் என மூன்று பேர் குழுவாகச் சேர்ந்து, ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த புகழ்பெற்ற இசைக்குழுப் போட்டியில் வென்றார்கள். அப்போது கேரனுக்கு வயது 16தான்.

பாட்டு அதற்கப்புறம்தான் வந்தது. பெண் பாடகி என்றால் உச்சஸ்தாயியில் பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்த காலம். கேரனுக்கு அமைந்ததோ கீழ்ஸ்தாயியில் இறங்கும் ஆழமான குரல். காதருகே ஒருவர் மெதுவாகப் பேசுவது போன்ற குரல். அந்தக் குரலின் பலமே கீழே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பாட்டுகளின் சுருதியை அதற்கேற்ப இறக்கி அமைத்தவர் ரிச்சர்ட். பின்னணியில் கேட்கும் கோரஸ் முழுக்க அண்ணனும் தங்கையும் மட்டுமே. தங்கள் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு பெரிய பாடகர் குழு பாடுவது போன்ற ஒலியை உருவாக்கினார்கள்.

ஒரே பாட்டு... ஓவர்நைட் புகழ்!

1969 ஏப்ரலில் ஏ அண்ட் எம் இசை நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. கையெழுத்திடச் சொன்னவர், அதன் உரிமையாளர்களில் ஒருவரும் டிரம்பெட் கலைஞருமான ஹெர்ப் ஆல்பர்ட். முதல் ஆல்பம் பெரிதாக ஓடவில்லை.

அடுத்து வந்தது 'க்ளோஸ் டு யூ'. பர்ட் பக்கராக்கும் ஹால் டேவிட்டும் எழுதிய பாட்டு. புதுப் பாட்டு இல்லை. இதற்கு முன்பே சிலர் பாடியிருந்தார்கள், அதில் டியோன் வார்விக்கும் ஒருவர். யார் பாடியும் பெரிய வெற்றி கிடைக்கவில்லை. கேரன் பாடியதும் கதை மாறியது. 1970 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். நான்கு வாரங்கள் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எண்களில் சொன்னால் சுலபமாகப் புரியும்:

• 1970 முதல் 1975 வரை 12 பாடல்கள் அமெரிக்காவின் முதல் 10 இடங்களுக்குள் வந்தன.
• அதில் 3 பாடல்கள் முதலிடம், 5 பாடல்கள் இரண்டாமிடம்.
• புதுமுகக் கலைஞர் விருது உட்பட 3 கிராமி விருதுகள்.
• 1973ல் வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன், மேற்கு ஜெர்மனி சான்சலர் வில்லி பிராண்ட் முன்னிலையில் கச்சேரி.

ஒரு வங்கியின் விளம்பரத்துக்காக எழுதப்பட்ட சின்ன ட்யூனைக்கூட எடுத்து முழுப் பாட்டாக்கி ஹிட் அடித்தார்கள். இன்றைக்கும் அமெரிக்கக் கல்யாணங்களில் ஒலிக்கும் 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' பிறந்த கதை அதுதான்.

வியட்நாம் போர், மாணவர் போராட்டங்கள், சத்தமான ராக் இசை என்று நாடே கொந்தளித்த நேரம் அது. அந்த நேரத்தில் இவர்கள் சுத்தமாக உடுத்தி, சிரித்த முகத்தோடு மென்மையான காதல் பாட்டு பாடினார்கள். விமர்சகர்கள் பலர் கிண்டல் செய்தார்கள். மக்கள் மட்டும் இசைத்தட்டை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த 'நல்ல பிள்ளை' பிம்பம் ஒரு சுமையாகவும் மாறியது. எப்போதும் சிரிக்கணும், எப்போதும் சரியாக இருக்கணும்.

டிரம்ஸை விட்டு முன்னால் வா!

தன்னைப் பாடகியாக இல்லாமல், பாடத் தெரிந்த டிரம்மராகவே கேரன் நினைத்திருந்தார். 1975ல் ப்ளேபாய் இதழின் வாசகர்கள் அவரையே சிறந்த டிரம்மராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மேடையில் ஒரு பிரச்சினை. அவர் உயரம் 5 அடி 4 அங்குலம். பெரிய டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால், பாடுவது யார் என்றே கூட்டத்துக்குத் தெரியவில்லை.

முன்னால் வந்து நின்று பாடச் சொன்னார்கள். கேரனுக்கு விருப்பமில்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப்பட்டார். டிரம்ஸ் வாசிக்க வேறு ஆள் வந்தார். கேரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உடல் முழுக்க வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கான கண்கள் முன்னால் நின்றார்.

டிரம் செட் அவருக்கு வெறும் வாத்தியமாக இல்லை, ஒரு மறைப்பாகவும் இருந்தது. அது போன பிறகு தன் உடம்பை மற்றவர்கள் பார்க்கும் விதத்தைப் பற்றிய கவலை அதிகமானது என்று அவரோடு இருந்தவர்கள் பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரு சாதாரண டயட்டில்தான் ஆரம்பித்தது

பதின்ம வயதில் கேரன் லேசாகப் பூசினாற்போல இருப்பார், அவ்வளவுதான். 1967ல், 17 வயதில், மருத்துவரின் ஆலோசனையோடு ஒரு டயட் இருந்து எடையைக் குறைத்தார். அதில் ஆபத்து எதுவும் இல்லை. பல வருடங்கள் அந்த எடையிலேயே ஆரோக்கியமாகத்தான் இருந்தார்.

1973 வாக்கில், மேடையில் எடுத்த தன் புகைப்படங்களைப் பார்த்து வருத்தப்பட ஆரம்பித்தார். உடற்பயிற்சியாளர் வைத்துப் பார்த்தார். பயிற்சியில் தசை கூடி, உடம்பு இன்னும் பெரிதாகத் தெரிவதாகத் தோன்றியது. பயிற்சியாளரை நிறுத்திவிட்டு, தானே பார்த்துக்கொள்வதாக முடிவெடுத்தார். கதை திரும்பிய இடம் அதுதான்.

முதலில் எல்லாரும் பாராட்டினார்கள். மெலிந்திருக்கிறாய், அழகாக இருக்கிறாய் என்றார்கள். ஆனால் கேரன் அங்கே நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டில் இருப்பதை நகர்த்தி நகர்த்தி வைப்பார். ருசி பார்க்கச் சொல்லி மற்றவர்கள் தட்டுக்கு மாற்றிவிடுவார். பார்ப்பவர்களுக்கு அவரும் சாப்பிட்ட மாதிரியே இருக்கும். உடம்பு தெரியாமல் இருக்க அடுக்கடுக்காக உடுத்துவார்.

1975ல் மறைக்க முடியாத நிலை. அவர் மேடைக்கு வந்தபோது கூட்டத்திலிருந்து அதிர்ச்சிக் குரல்கள் எழுந்தன. அந்த வருடம் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஐரோப்பா, ஜப்பான் சுற்றுப்பயணங்கள் ரத்தாயின. டிக்கெட் வாங்கிக் காத்திருந்த ரசிகர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், கடுமையான உடல் சோர்வு. அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வருடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்த ஒருவருக்கு சோர்வு வருவது சகஜம்தானே என்று எல்லாரும் நம்பினார்கள்.

அது என்ன நோய்?

அனோரெக்சியா நெர்வோசா. 1870களிலேயே மருத்துவ உலகம் பெயர் வைத்துவிட்ட நோய். ஆனால் நூறு வருடம் கழித்தும் பொதுமக்களுக்கு, ஏன், பல மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாது.

இதைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம், நோயாளிக்குப் பசிக்காது என்பது. அப்படி இல்லை. பசி இருக்கும். ஆனால் எடை கூடிவிடும் என்ற பயம் அந்தப் பசியை விடப் பெரிதாக இருக்கும். கண்ணாடியில் எலும்பும் தோலுமாகத் தெரிந்தாலும், மனசுக்குள் தான் குண்டு என்ற எண்ணம் மாறாது. இது பிடிவாதமோ, திமிரோ, அழகு மோகமோ அல்ல. இது ஒரு மனநோய். மனநோய்களிலேயே அதிகம் உயிர் பறிக்கும் நோய்களில் ஒன்று.

வாழ்க்கையில் வேறு எதுவும் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவருக்கு, சாப்பாடு மட்டும் தன் கையில் இருப்பதாகத் தோன்றும். கேரனின் விஷயத்தில் இது பொருந்திப்போகிறது. என்ன பாட வேண்டும் என்பது அண்ணன் கையில். எங்கே பாட வேண்டும் என்பது மேலாளர் கையில். இருபது வயது தாண்டியும் வீட்டில் அம்மாவின் சொல்தான் கடைசிச் சொல். ஆனால் காரணம் இது ஒன்றுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பரம்பரைக் கூறுகள், மனநிலை, சூழல் எல்லாம் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது.

அண்ணனுக்கும் ஒரு சிக்கல். தங்கைக்கு ஒரு கனவு

இதே நேரத்தில் ரிச்சர்ட் தூக்க மாத்திரைகளுக்கு அடிமையாகியிருந்தார். ஒரு கட்டத்தில் பியானோவில் கை நடுங்க ஆரம்பித்தது. 1979 தொடக்கத்தில் கான்சாஸ் மாகாணத்தில் ஒரு மையத்தில் சேர்ந்து சிகிச்சை எடுத்து மீண்டார். அவர் நோய்க்குப் பெயர் இருந்தது, மருந்து இருந்தது, சேர இடமும் இருந்தது. தங்கையின் நோய்க்கு அது எதுவும் சரியாக இல்லை.

அண்ணன் ஓய்வில் இருந்த அந்த இடைவெளியில் கேரன் ஒரு முடிவெடுத்தார். நியூயார்க் போய், பில் ரமோன் என்ற பெரிய தயாரிப்பாளரோடு ஒரு தனி ஆல்பம் பதிவு செய்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரே தேர்ந்தெடுத்த பாட்டுகள், அவரே விரும்பிய பாணி. ஆனால் 1980ல் அதைக் கேட்ட நிறுவனத்துக்கும் ரிச்சர்டுக்கும் பிடிக்கவில்லை. ஆல்பம் கிடப்பில் போடப்பட்டது. கேரன் அதை வெளிப்படையாக எதிர்க்கவில்லை. அண்ணனோடு அடுத்த ஆல்பத்துக்குத் திரும்பினார். ஆனால் அந்த ஏமாற்றம் அவரை விட்டுப் போகவில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த ஆல்பம் வெளியானது 1996ல். பாடியவர் இறந்து 13 வருடம் கழித்து!

கல்யாணமும் கசப்பும்

குடும்பம், குழந்தைகள். கேரன் ஆசைப்பட்டது இதற்குத்தான். 1980 ஆகஸ்ட் 31ல் பெவர்லி ஹில்ஸில் ஒரு ரியல் எஸ்டேட் தொழிலதிபரோடு ஆடம்பரமாகக் கல்யாணம் நடந்தது. பழகிய சில மாதங்களிலேயே எடுத்த முடிவு. மாப்பிள்ளை ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பது கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்புதான் கேரனுக்குத் தெரிந்ததாக வாழ்க்கை வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. கல்யாணத்தை நிறுத்த நினைத்தும், அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டதால் நிறுத்தவில்லை என்றும் அவை சொல்கின்றன. ஒரு வருடம் சில மாதங்களில் இருவரும் பிரிந்தார்கள்.

1981ல் லண்டனில் பிபிசி தொலைக்காட்சி நேர்காணல். எடை குறைந்தது ஏன், மெலிவு நோய் ஏதும் உண்டா என்று நேரடியாகவே கேட்டார்கள். சோர்வுதான், வேறொன்றும் இல்லை என்று கேரன் மறுத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குக் கோபம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல அன்று யாரும் தயாராக இல்லை.

நியூயார்க்கில் ஒரு வருடம்

ஆனால் கேரன் முயற்சியே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 1982 ஜனவரியில் தானாகவே நியூயார்க் போனார். இந்த நோயைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்டீவன் லெவன்க்ரான் என்ற உளவியல் ஆலோசகரிடம் சேர்ந்தார். ஒரு ஓட்டலில் தங்கி, வாரத்துக்கு ஐந்து நாள் ஆலோசனைக்குப் போய்வந்தார். குடும்பத்தை விட்டு நாடே குறுக்கே கடந்து வந்து, தனியாக ஓட்டல் அறையில் பல மாதங்கள்.

ஒருமுறை பெற்றோரும் அண்ணனும் நியூயார்க் வந்தார்கள். மகளிடம் அன்பை வாய்விட்டுச் சொல்லும்படி ஆலோசகர் கேட்டபோது அம்மாவுக்கு அது எளிதாக வரவில்லை என்பது பல நூல்களில் வரும் தகவல். அன்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. அதைச் சொல்லிப் பழக்கமில்லாத தலைமுறை, அவ்வளவுதான். கேட்கத் தவித்துக்கொண்டிருந்த மகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

செப்டம்பரில் தலைசுற்றலும் சீரற்ற இதயத் துடிப்பும் வர, மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்பு வழியாக ஊட்டச்சத்து ஏற்றினார்கள். குறுகிய காலத்தில் எடை வேகமாகக் கூடியது. நவம்பரில், குணமாகிவிட்டேன் என்று கலிபோர்னியா திரும்பினார். பார்த்தவர்களுக்கு நிம்மதி. டிசம்பர் 17ஆம் தேதி, தன் அன்புக்குரிய குழந்தைகள் படித்த பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டு பாடினார். பொதுமேடையில் அவர் பாடியது அதுதான் கடைசி.

பிப்ரவரி 4, அந்தக் காலை

1983 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு டவுனியில் பெற்றோர் வீட்டில் தங்கினார் கேரன். மறுநாள் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. காலையில் எழுந்து சமையலறைக்குப் போய் காபி மெஷினை ஆன் செய்தார். திரும்ப மாடிக்குப் போனார்.

காபி தயாராகிவிட்டது. ஆள் இறங்கி வரவில்லை. அம்மா மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, துணிகள் வைக்கும் அறையில் கேரன் விழுந்து கிடந்தார். அவசர ஊழியர்கள் வந்தபோது துடிப்பு மிக மெல்லியதாக, பல விநாடிகளுக்கு ஒருமுறைதான் இருந்தது. டவுனி மருத்துவமனையில் எவ்வளவோ போராடினார்கள். காலை 9.51க்கு இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

எடை கூடியிருந்தாரே, அப்புறம் எப்படி?

ரசிகர்கள் இன்றும் கேட்கும் கேள்வி இது. பதில் உடம்புக்குள் இருக்கிறது. நீண்ட காலம் பட்டினி கிடந்தால், உடம்பு முதலில் கொழுப்பைக் கரைக்கும். பிறகு தசையைக் கரைக்கும். இதயமும் ஒரு தசைதான். அது மெலிந்துபோகும். இதயம் சீராகத் துடிக்கத் தேவையான பொட்டாசியம் போன்ற உப்புகள் ரத்தத்தில் குறையும். எடை திரும்பக் கூடினாலும், வருடக்கணக்கில் பலவீனமான இதயம் உடனே பழைய நிலைக்கு வந்துவிடாது. வெளியே தேறிய மாதிரி தெரியும். உள்ளே ஆபத்து அப்படியே இருக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பிரேதப் பரிசோதனை அதிகாரி, அனோரெக்சியாவால் ஏற்பட்ட இதயப் பாதிப்பு என்று பதிவு செய்தார். அதோடு, விஷம் குடித்தவர்களுக்கு வாந்தி வரவைக்க அக்காலத்தில் வீடுகளில் வைத்திருந்த ஒரு மருந்தில் உள்ள எமெட்டின் என்ற ரசாயனமும் இதயத்தைப் பாதித்ததாகக் குறிப்பிட்டார். கேரன் அந்த மருந்தை எடுத்துக்கொண்டார் என்பதை அம்மாவும் அண்ணனும் ஏற்கவில்லை. அப்படி ஒரு புட்டியை வீட்டில் பார்த்ததே இல்லை என்பது அவர்கள் தரப்பு. இந்தச் சர்ச்சை முழுதாக அடங்கவில்லை. ஆனால் பின்னாளில், அந்த மருந்தை வீடுகளில் வைத்திருக்கத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2003ல் அறிவித்துவிட்டது.

ஒரு மரணம் மாற்றியது என்ன?

அதிர்ச்சியும் துக்கமும் கொஞ்சம் அடங்கியதும், பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. மகள் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று புரியாமல் திட்டிக்கொண்டிருந்த பெற்றோருக்கு, அது ஒரு நோய் என்று முதல்முறையாகத் தெரிந்தது. அதே பிரச்சினையோடு ரகசியமாகப் போராடிய பலர் வாய்திறந்தார்கள். 1995ல் இளவரசி டயானா தன் உணவுக் கோளாறு பற்றித் தொலைக்காட்சியில் பேசும் அளவுக்கு நிலைமை மாறியிருந்தது. கார்பென்டர் குடும்பமும் கேரன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, இந்த நோய் குறித்த ஆராய்ச்சிக்கு உதவியது.

மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை அறிகுறிகளைப் படித்தால், கேரன் கதையின் காட்சிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்:

• மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, சாப்பிட்ட மாதிரி நடிப்பது
• மெலிந்த பிறகும் இன்னும் குறைக்கணும் என்று பேசுவது
• உடம்பை மறைக்கும்படி தொளதொளவென்று உடுத்துவது
• அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வது
• அடிக்கடி மயக்கம், எப்போதும் குளிர்வது, மாதவிடாய் நின்றுபோவது

இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சாப்பிடு, சாப்பிடு என்று மிரட்டுவதால் பலன் இல்லை. உடம்பைக் கவனிக்கும் மருத்துவர், மனதைக் கவனிக்கும் நிபுணர், ஊட்டச்சத்து ஆலோசகர், குடும்பம் எல்லாம் சேர்ந்தால் இதிலிருந்து மீள முடியும். மீண்டவர்கள் ஏராளம். சீக்கிரம் ஆரம்பித்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ரசிகர்கள் இன்னும் ஏன் அழுகிறார்கள்?

உயிரோடு இருந்தபோது கார்பென்டர்ஸை ரொம்ப இனிப்பு, ரொம்ப மென்மை என்று ஒதுக்கிய இசை உலகம், பிறகு மனம் மாறியது. 1994ல் மாற்று ராக் குழுக்கள் சேர்ந்து இவர்கள் பாட்டுகளைப் பாடி ஓர் அஞ்சலி ஆல்பம் வெளியிட்டன. 2008ல் ரோலிங் ஸ்டோன் இதழின் தலைசிறந்த 100 பாடகர்கள் பட்டியலில் கேரன் பெயரும் இருந்தது. ஜப்பானில் 1995ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் இவர்கள் பாட்டைப் பயன்படுத்த, கேரன் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த தலைமுறை அவருக்கு ரசிகர்களானது. அதே ஜப்பானில்தான் முன்பு ஒரு பத்திரிகை 'லீட் சிங்கர்' என்பதைத் தவறாக 'லீட் சிஸ்டர்' என்று போட்டதாம். கேரன் அதை ரசித்து, அந்த வார்த்தையைப் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்.

2003ல் ரிச்சர்ட், தங்கையையும் பெற்றோரையும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வெஸ்ட்லேக் வில்லேஜ் என்ற இடத்தில் மறு அடக்கம் செய்தார். இன்றும் ரசிகர்கள் அங்கே பூக்களோடு வருகிறார்கள்.

பலருக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. அந்தக் குரலில் இருந்த சோகத்தை அவர்கள் அழகு என்று ரசித்தார்கள். மேடையில் மெலிந்து நின்றவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். கூடவே வாழ்ந்த குடும்பத்துக்கும் மருத்துவர்களுக்குமே புரியாதபோது, தூரத்தில் இருந்த ரசிகனுக்கு எப்படிப் புரிந்திருக்கும்? யாரையும் குற்றம் சொல்லி இந்தக் கதையை முடிக்க முடியாது. அம்மா, அண்ணன், நிறுவனம், ரசிகர்கள் என்று எல்லாருமே கேரனை நேசித்தவர்கள்தான். எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் அன்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று தெரியும். பக்கத்தில் ஒருவர் தட்டில் இருப்பதை நகர்த்தி நகர்த்தி வைத்தால், அதற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்று ஒரு அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இன்று தெரிய வாய்ப்பிருக்கிறது. அந்த வாய்ப்பு கேரனுக்குக் கிடைக்கவில்லை.